சாமுண்டி மலையடிவாரத்து எருமைகள்

நீண்ட பதிவு, முன்னரே பொறுத்தருள வேண்டுகிறேன். ஆய்வேட்டை ஒப்படைக்க ஏழு வாரங்களே எஞ்சியுள்ள வேளையில் ஓவியம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது என் நெறியாளரின் கண்ணில் பட்டால் என்ன நிகழும் என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன். அந்த ஆய்வேட்டின் ஒரு பக்கத்தை நான் மாற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஓர் ஓவியமே என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

மைசூருவில் என்னுடன் அறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழி பதிப்போவியம் பயிலும் முதுகலை மாணவி. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவள். இந்தப் பருவத்தில் அவளுக்குத் தரப்பட்ட பொருள் 'மேய்ச்சல் நிலக் காட்சியில் புராணம்'. எட்சிங் முறையில் ஒரு படம் செய்ய வேண்டும். மற்ற மாணவர்கள் குழலூதும் கண்ணனையும் கோவர்த்தன மலையையும் தேர்ந்துகொண்டார்கள். இவளோ ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு சாமுண்டி மலையின் தென்புற அடிவாரத்துக்குப் போனாள். மலை, மேலே தொலைவில் கோபுரம், கீழே புதர்க்காடு, ஏழெட்டு எருமைகள், மரத்தடியில் தடியுடன் ஒரு மனிதர். இவ்வளவுதான் அவள் வரைந்தது. வகுப்பில் அதைப் பார்த்தவர்கள், 'மேய்ச்சல் நிலம் சரி, புராணம் எங்கே?' என்று கேட்டிருக்கிறார்கள். அன்று மாலை அக்கேள்வியை அவள் என்னிடம் கொண்டுவந்தாள். மேய்ப்பர் வழக்குச் சொற்கள் பற்றி ஆராய்பவள் நான் என்பதால் எனக்கு விடை தெரிந்திருக்கும் என்பது அவள் நம்பிக்கை.

எட்சிங் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அவள் அருகில் அமர்ந்துதான் நான் அறிந்தேன். உலோகத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, அது இறுகிய பின் ஊசியால் கீறி வரைகிறார்கள். செம்பின் விலை மாணவர்களுக்கு எட்டாது. ஆகவே துத்தநாகத் தகடு. கீறிய தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு விலகிய கோடுகளில் மட்டும் அமிலம் உலோகத்தை அரிக்கிறது. கோடுகளின்மேல் எழும் குமிழிகளை ஓர் இறகால் மெல்ல ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னர்ப் பூச்சை நீக்கி, மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளை அச்சில் செலுத்தினால் படம் தாளுக்கு வருகிறது, இடவலம் மாறி. தகட்டைத் திரும்பவும் பூசி, கீறி, அரிக்கவிட்டுப் படத்தை மாற்றிக்கொண்டே போகலாம். அவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 'நிலை' என்று பெயர். முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எண்ணிக் குறிக்கிறார்கள்.

அவளுடைய கேள்விக்காக நான் சில நாட்கள் நூலகத்தில் செலவிட்டேன். மேய்ச்சல் நிலத்தையும் புராணத்தையும் ஒரே தகட்டில் சேர்த்தவர்களுள் முதன்மையாகக் கருதப்படுபவர் கிளாட் லொரைன். லொரைன் நாட்டில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ரோமில் கழித்து, 1682இல் மறைந்தவர். அவருடைய எட்சிங்குகளுள் பெரிதும் போற்றப்படுவது 1636ஆம் ஆண்டின் 'மாட்டிடையன்'. நீரில் இறங்கிய மாடுகள், மரத்தடியில் அமர்ந்திருக்கும் இடையன், இலைகளுக்கிடையே கசியும் ஒளி. தெய்வம் எதுவும் அதில் இல்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் அவர் செய்த 'யூரோப்பாவைக் கவர்தல்' படத்திலும் மாடுகள் உள்ளன; ஆனால் அவற்றுள் ஒன்று காளை வடிவெடுத்த தெய்வம். 1662இல் செய்த 'மெர்க்குரியும் ஆர்கஸும்' படத்திலும் மேய்ச்சல் நிலந்தான். அங்கே பசு வடிவில் இருப்பவள் இயோ என்னும் பெண். நூறு கண்களுடைய ஆர்கஸ் அவளைக் காவல் காக்கிறான். மெர்க்குரி ஆட்டிடையனைப் போல வேடமிட்டு வந்து, குழலூதி அந்த நூறு கண்களையும் உறங்கவைத்துக் கொல்லப் போகிறான். பெயர்ப் பலகையை மறைத்துவிட்டுப் பார்த்தால் மூன்றும் மாடு மேயும் காட்சிகளே.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் இக்கலை மைசூர் நாட்டுக்கு வந்தது, படையோடு. 1791-92 போரில் காரன்வாலிஸின் படையுடன் வந்த ராபர்ட் ஹோம் வரைந்த மைசூர்க் காட்சிகள் 1794இல் லண்டனில் செதுக்குப் படங்களாக வெளியாயின. தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தவர் மகனான வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றினர். அவர்களுடைய 'கீழைக் காட்சிகள்' தொகுதி 1795 முதல் 1808 வரை வெளிவந்தது. மொத்தம் 144 தகடுகள். எல்லாம் அக்வாட்டிண்ட் என்னும் முறையில் அமைந்தவை. அது எட்சிங்கின் ஒரு கிளை. பிசின் துகளைத் தகட்டில் தூவி அமிலத்தில் இடுவதால் கோடுகளோடு நிழலின் சாயல்களும் கிடைக்கின்றன. கோட்டை, பாறை, வானம், நீர்நிலை என்று பெரிதாக விரியும் அக்காலத்துப் படங்களின் ஓரத்தில், விரல்நுனி அளவில், மாடுகளும் மேய்ப்பர்களும் நின்றிருப்பதைப் பல இடங்களில் காணலாம். கிளாட் வகுத்த இலக்கணம் அது. ஓவிய வரலாற்றில் இத்தகைய சிற்றுருவங்களை 'ஸ்டஃபாஜ்' என்பார்கள். மலையின் உயரத்தைக் காட்டவும் வெற்றிடத்தை நிரப்பவும் வைக்கப்படும் உருக்கள். அவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

இவற்றையெல்லாம் தோழியிடம் விளக்கிய பிறகு, என் துறையிலிருந்து ஒன்றைச் சொன்னேன். புராணம் எங்கே என்று கேட்டவர்கள் ஊரின் பெயரையே கேட்டிருக்கலாம். 2014 நவம்பர் 1 முதல் அரசு ஆவணங்களில் 'மைசூரு' என்று எழுதப்படும் இப்பெயர், மகிஷ என்னும் வடசொல்லும் ஊரு என்னும் திராவிடச் சொல்லும் சேர்ந்தது. இடையிலுள்ள ஹகரம் தேய்ந்து 'மைச' ஆயிற்று. மகிஷம் என்றால் எருமை. அகநானூற்றில், தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவருள் ஒருவன் எருமையூரன். அவனது எருமையூரை மைசூரோடு இணைத்துப் பார்த்த அறிஞர்கள் உண்டு. தமிழில் எருமை, மலையாளத்தில் எரும, கன்னடத்தில் எம்மெ, துளுவில் எர்மெ என்று இச்சொல் இம்மொழிகளின் பொதுச்சொத்து. மேய்ச்சல் விலங்கின் பெயரை ஊர் முதலில் பெற்றதா, அசுரனின் பெயரை முதலில் பெற்றதா என்பது நான் தீர்ப்புச் சொல்லக்கூடிய வழக்கு அன்று. ஆனால் மார்க்கண்டேய புராணத்தின் தேவி மாகாத்மியம் சொல்லும் மகிஷன் வதத்தை இம்மலையோடு பொருத்திக் கொண்டாடும் நகரில், மலையடிவாரத்தில் எருமை மேய்வதை வரைந்துவிட்டுப் புராணத்தைத் தனியே தேட வேண்டியதில்லை.

மலை ஏறியவர்களுக்குத் தெரியும். படிக்கட்டு வழியில் ஒரு பெரும் நந்தி அமர்ந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் ஒரே பாறையில் வடித்தது. அதற்கு மாலையும் மணியும் உண்டு, பூசை உண்டு. உச்சியில் வாளும் பாம்புமாக மகிஷாசுரன் சிலை நிற்கிறது. அதன் முன்னால் மக்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காளைக்கு வணக்கம், எருமைக்கு வதம். மகிஷனை அசுரனாக அன்றி இந்நிலத்தை ஆண்ட தலைவனாகக் கருதுவோரும் இந்நகரில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பி இதை வேறு விதமாகப் பார்த்தான். கிருஷ்ண மண்டபத்தில் ஆயன் ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அதே குன்றின் மேற்பகுதியில் மகிஷாசுரமர்த்தினி குகை. அங்கே எருமைத்தலை கொண்ட வீரன், தோற்கப்போகும் வேளையிலும், தேவிக்கு நிகரான பேருருவாக நிற்கிறான்.

தமிழ் மரபிலும் மேய்ப்போருக்குள் வகுப்புகள் உண்டு. கலித்தொகையின் முல்லைக்கலியில் பசுக்களை உடையோர் கோவினத்தாயர், ஆடுகளை உடையோர் புல்லினத்தாயர், எருமைகளை உடையோர் கோட்டினத்தாயர். கோடு என்றால் கொம்பு. கொம்பால் அறியப்பட்ட இனம் எருமை. அந்தச் சொல்லை முதுகலை இரண்டாமாண்டில் வகுப்பறையில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு உண்டான உணர்வை இன்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். நான் கோட்டினத்தாள்.

தாராபுரம் பக்கத்துச் சிற்றூர் எனக்கு. முள்கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு, கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரங்கள். மழை குறைந்த அந்நிலத்தை மேய்ச்சலுக்கென்றே தலைமுறைகளாகப் பேணி வருகிறார்கள். அதில் என் அப்பா மேய்த்தவை எருமைகள். சொந்தமாக நான்கு, பிறருடையவை சில. அவற்றின் பாலில்தான் நான் படித்தேன். பள்ளியில் விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். கணக்கு தப்பினால் 'எருமை மேய்க்கத்தான் லாயக்கு' என்று வகுப்பில் வசை விழும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எருமை என்பது தமிழில் விலங்கின் பெயராக வழங்குவதைவிட வசையாக வழங்குவதே மிகுதி என்பதை அறிய எனக்கு மொழியியல் தேவைப்படவில்லை.

'எருமை மாட்டின்மேல் மழை பெய்தது போல' என்ற தொடரை ஒருமுறை விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "மழை பேஞ்சா எருமை நிக்கும் கண்ணு. அதுக்கு அது சொகம். பசு மாதிரி அதுக்கு வேர்த்து ஊத்தாது, முடியும் இல்ல. வெயிலு அத்தனையும் தோல்லதான். மழை வந்தா ஏன் ஓடோணும்?" என்றார். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு என்பதும், கருந்தோல் வெப்பத்தை மிகுதியாக உட்கொள்ளும் என்பதும், அதனால்தான் அது சேற்றையும் நீரையும் நாடுகிறது என்பதும் கால்நடை அறிவியல் சொல்பவை. சுரணையின்மைக்கு உவமையாக நாம் வழங்கும் காட்சி, வெந்த உடல் குளிர்ந்து நிற்கும் காட்சி. என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் இத்தொடரைப் பற்றி இரண்டு பக்கங்கள் எழுதியிருக்கிறேன்.

இனி, எழுதத் தயங்கிய பகுதி.

தோழியின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படங்களையும் குரல் பதிவுகளையும் பார்ப்பார், கேட்பார். அன்றிரவே அழைத்தார்.

"ஏன் கண்ணு, இந்தாளு எடது கையில தடி வெச்சிருக்கறாரு? எடக்கையாளா?"

நான் திகைத்தேன். தோழியைக் கேட்டேன். மலையடிவாரத்தில் நின்றபடி கண்ணால் கண்டதை அப்படியே தகட்டில் கீறியிருக்கிறாள். அச்சில் எல்லாம் இடவலம் மாறிவிட்டது. மலைச்சரிவும் மாறியிருந்தது. அன்றாடம் அம்மலையைப் பார்க்கும் எங்கள் இருவருக்கும் அது படவில்லை. தடி பிடித்த கை அவருக்குப் பட்டது.

அப்பா அடுத்துச் சொன்னார்: "எருமையெல்லாம் வெயில்ல நிக்குது. தண்ணி எங்க? உச்சிப் பொழுதுல எருமைய வெயில்ல நிறுத்திப்போட்டு நெழல்ல நிக்கறவன் எருமை மேய்க்கறவனில்ல. அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு."

நிழலின் நீளத்தைக் கொண்டு பொழுதைக் கணித்திருக்கிறார். தோழி தகட்டை மீண்டும் பூசினாள். மறுநாள் மலையடிவாரத்துக்குப் போய், எருமைகள் நண்பகலில் எங்கே போகின்றன என்று பார்த்து, அங்கிருந்த ஒரு குட்டையைக் கீறினாள். மூன்று எருமைகள் இப்போது நீருக்குள் கிடக்கின்றன. கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே. இரண்டாம் நிலை அச்சானது. இம்முறை வகுப்பில் புராணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லையாம். நீரிலிருந்து எழும் கொம்புகளுக்குப் பின்னால் கோபுரம் தெரிவதே போதுமாக இருந்தது போலும்.

அச்சுத்தாளின் அடியில் பென்சிலால் தலைப்பும் பதிப்பெண்ணும் எழுதுவது வழக்கம். தோழி தன் குறிப்பேட்டில் நன்றி எழுத விரும்பினாள். "உன் அப்பாவின் பெயர் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "உன் ஆய்வேட்டில் அவர் எங்கே வருகிறார்?" என்று கேட்டாள். அவளுக்கு அது இயல்பான கேள்வி.

என் ஆய்வேட்டில் அவர் 'தகவலாளி 4'. ஆண், 61 வயது, எழுத்தறிவு இல்லாதவர், தொழில் கால்நடை வளர்ப்பு. ஈத்து, கிடேரி, சீம்பால், கட்டுத்தரை தொடங்கிக் கொம்பின் வளைவுகளுக்கும் நடையின் வகைகளுக்கும் உரிய சொற்கள் வரை நான் தொகுத்தவற்றுள் மிகப்பெரும் பங்கு அவர் வாயிலிருந்து வந்தது. தகவலாளிகளின் பெயரை மறைப்பது களப்பணி அறம். அவ்வறத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மற்ற பதினொரு பேரின் பெயரை அவர்கள் நலம் கருதி மறைத்தேன். இவருடைய பெயரை என் நலம் கருதி மறைத்தேன். தகவலாளி 4 என் தந்தை என்பதை நெறியாளரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உறவைப் பற்றி முறையியல் பகுதியில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லியிருப்பார், எழுதுவதும் முறையே. கருத்தரங்குகளில் அந்தச் சொற்களை வாசித்து முடித்ததும், 'இவ்வளவு நுட்பமான தரவு எங்கே கிடைத்தது?' என்று கேட்டவர்களிடம், 'தாராபுரம் வட்டாரத்தில்' என்றேன். மலையின் உயரத்தைக் காட்ட ஒரு சிற்றுருவை ஓரத்தில் நிறுத்துவதைப் பற்றிச் சற்று முன் டேனியல்களை முன்னிட்டு எழுதினேன் அல்லவா? அதையேதான் நானும் செய்திருக்கிறேன், அவர்களைவிட அருகில் இருந்துகொண்டு.

இயோவின் கதையில் கிளாட் வரையாத ஒரு பகுதி ஓவிடின் நூலில் உண்டு. பசுவாக மாற்றப்பட்ட இயோ, தன் தந்தையான ஆற்றுத் தெய்வத்தின் கரைக்கு மேய வருகிறாள். அவர் அடையாளம் தெரியாமல் புல்லைப் பறித்து நீட்டுகிறார். பேச வாயெடுத்தால் மாட்டின் குரல் வருகிறது. ஆகவே குளம்பால் புழுதியில் தன் பெயரைக் கீறுகிறாள். உரோமானிய எழுத்தில் அப்பெயர் ஒரு நேர்கோடு, ஒரு வட்டம், குளம்பாலும் எழுதிவிடலாம். தந்தை அதைப் படித்துத் தன் மகளென்று அறிகிறார். நான் இதைப் படித்தபோது நூலை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். அங்கே எழுதத் தெரிந்த மகள் தன் தந்தைக்குத் தன்னை அறிவித்தாள். இங்கே எழுதத் தெரிந்த மகள் தன் தந்தையை எழுத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

நீலகிரித் தோதவர்களின் தோற்றக் கதையை ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கிறார். தெய்வம் ஒன்று நிலத்துக்குள்ளிருந்து எருமைகளை வெளிக்கொணர்ந்தது. வரிசையாக வெளிவந்த எருமைகளுள் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். அவரே முதல் தோதவர். மைசூருவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் மலையில், எருமையைக் கொல்லாமல் அதன் பின்னால் வந்ததாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் மக்கள் இருக்கிறார்கள். எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நானும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். நான் அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

சென்ற ஞாயிறன்று அப்பாவை அழைத்து, ஆய்வேட்டில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். யாருடைய பெயரையும் ஒப்புதலின்றி எழுதக் கூடாது என்பதையும் விளக்கினேன். "எம் பேர எதுக்கு கண்ணு, எருமைக்காரன் பேரு" என்றார் முதலில். பின்னர், எந்த இடத்தில் வரும் என்று கேட்டார். முறையியல் இயலில் ஒருமுறை, நன்றியுரையில் ஒருமுறை என்றேன். சற்று நேரம் பேசவில்லை. "இனிசியலோட போடு" என்றார்.

நெறியாளருக்கு நேற்று எல்லாவற்றையும் விளக்கி எழுதிவிட்டேன். தரவு திரட்டியவருக்கும் தந்தவருக்கும் உள்ள உறவை விளக்கி இரண்டு பத்திகள் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அதை முதல் களப்பணியின்போதே சொல்லியிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அது நியாயமானது. தேர்வாளர்கள் அதைக் குறையாகக் காணக்கூடும். அதற்கும் விடை ஆயத்தம் செய்கிறேன்.

அப்பாவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் ஒப்புக்கொண்டது ஆய்வேட்டுக்கு மட்டுமே. தோழியின் படம் அறைச் சுவரில் இருக்கிறது. இரண்டாம் நிலையிலும் தடி இடக்கையில்தான். தகட்டில் கீறியதை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாதாம்.

தம் குடும்பத்தாரையே தகவலாளிகளாகக் கொண்டு ஆய்வு செய்த நண்பர்கள் இதைப் படித்தால், முறையியல் இயலில் அதை எவ்வாறு எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். எழுதாமல் விட்டவர்களும் சொல்லலாம்.